எந்தக் கிணற்றுத் தண்ணீர்?



அர்ச். அருளப்பர் எழுதின சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்திலே ஒரு சிறிய சம்பவம் உண்டு. உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் தம் சீடர்களோடு பேசிக்கொண்டிருக்கிறார். அர்ச். இராயப்பர் திரும்பிப் பார்க்கிறார். பின்னாலே அருளப்பர் வருகிறார். உடனே, இவருடைய கதி என்னவாகும் என்று ஆண்டவரிடம் விசாரிக்கிறார். தாம் வருமளவும் இவன் இருக்கவேண்டுமென்று தமக்குச் சித்தமானால் அதைப்பற்றி உனக்கென்ன, நீ என் பின்னே வா என்ற கருத்தில் ஆண்டவர் மறுமொழி சொல்லுகிறார். அவ்வளவுதான் நடந்தது.

அந்தப் பேச்சு கடற்கரையை விட்டுச் சகோதரர் மத்தியிலே பரவினபோது என்ன ஆயிற்று? "அருளப்பர் சாகவே மாட்டாராம்" என்று ஆயிற்று. "சித்தமானால்" என்ற சொல்லின் வாலில் இருந்த அந்த "ஆல்" வழியிலே எங்கேயோ உதிர்ந்துபோயிற்று. உதிர்த்தவர்கள் விரோதிகள் அல்ல, பரிசேயர் அல்ல. ஆண்டவரை உயிருக்குயிராய் நேசித்த சகோதரர்களே. அவர்கள் பொய் சொல்ல நினைக்கவில்லை. கேட்டதைக் கேட்டபடி சொல்வதாகவே நினைத்தார்கள். ஆயினும் பொய் பரவிற்று.

அர்ச். அருளப்பர் அதற்கு என்ன மருந்து செய்தார், கவனியுங்கள். ஒருவரையும் ஏசவில்லை. ஆண்டவர் அப்படிச் சொல்லவில்லை, அவர் சொன்னது இதுவே என்று மூல வார்த்தையை உள்ளபடியே எடுத்து நம் கண்முன் வைத்துவிட்டார். மூலம் தெரிந்தது, வதந்தி அடங்கிற்று. இந்த வாரம் நான் உங்களோடு பேச விரும்புகிற விஷயமெல்லாம் இந்த ஒரே மருந்தைப் பற்றித்தான்.

விஷயத்துக்கு வருமுன் என் குற்றத்தை உங்கள்முன் ஒத்துக்கொள்ள வேண்டும். அன்று பூசையில் இருந்தவர்களுக்கு அது தெரியும், இல்லாதவர்களும் அறியட்டும்.

சென்ற வருஷம் தபசு காலத்திலே எனக்குத் தெரிந்த ஒருவரிடமிருந்து என் செல்போனுக்கு ஒரு படம் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூக்கிலே குழாயோடு ஒரு பச்சைக் குழந்தை. கீழே நான்கு வரி: அவசர ஆபரேஷன், ஏழைப் பெற்றோர், உதவி செய்வீர். அதற்கும் கீழே பணம் அனுப்ப ஒரு நம்பர். யாரோ ஒருவருடைய பேஸ்புக் பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதாவது திரையைப் படம்பிடித்து, அனுப்பியிருந்தார்கள். தபசு காலமல்லவா, தர்மம் செய்கிற காலமல்லவா என்று எண்ணினேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில் அறிவிப்போடு அறிவிப்பாய் வாசித்தேன். பங்கின் வாட்ஸாப் குழுவிலும் போட்டேன். சாமியார் போட்டது என்ற ஒரே காரணத்துக்காக அநேகர் பணம் அனுப்பினார்கள். காலையில் இட்லி விற்றுப் பிழைக்கும் ஒரு பாட்டி, தன் பேரனைக்கொண்டு 500 ரூபாய் அனுப்பியிருக்கிறாள்.

மறுநாள் மாலை ஞானோபதேச வகுப்பு முடிந்து போகிற ஒரு சிறு பெண், ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறவள், வாசலில் நின்று, "சாமி, அது யாரோட போஸ்ட்? லிங்க் இருக்கா?" என்று கேட்டாள். என்னிடம் இல்லை. எனக்கு அனுப்பினவரிடம் கேட்டேன், அவரிடமும் இல்லை. அவருக்கு அனுப்பினவரிடமும் இல்லை. அந்தப் பெண்ணோ தகப்பனாருடைய போனை வாங்கி, படத்தில் இருந்த சில வார்த்தைகளைத் தேடி, கால்மணி நேரத்துக்குள் மூலப் பதிவைக் கண்டுபிடித்துக் காட்டினாள்.

குழந்தை உண்மை, கட்டில் உண்மை, தாயின் கண்ணீரும் உண்மை. ஆனால் அந்தத் தாய் அதை எழுதி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பதிவின் முடிவிலே அவளே பிற்பாடு சேர்த்திருந்தாள்: ஆபரேஷன் முடிந்தது, குழந்தை சுகம், போதுமான பணம் கிடைத்துவிட்டது, இனி யாரும் அனுப்பவேண்டாம். எங்கள் படத்தில் இருந்த நம்பர் அவளுடைய நம்பரே அல்ல. எவனோ ஒருவன் அவள் கண்ணீரைக் கத்தரித்து, அடியிலே தன் நம்பரை ஒட்டிவிட்டான். நான் அவனுக்கு உண்டியல் பிடித்தேன்.

பணம் ஏமாற்றப்பட்டால் உடனே அழைக்கவேண்டிய 1930 என்ற நம்பருக்குச் சொன்னோம். பாட்டியின் வீட்டுக்குப் போய், என் கையிலிருந்து அவள் பணத்தைக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டேன். அவள் சொன்ன வார்த்தை இன்றும் என்னை முள்ளாய்க் குத்துகிறது: "காசு போனாப் போவுது சாமி. நாளைக்கு நெசமாவே ஒரு பிள்ளைக்குன்னு நீங்க கேட்டா சனங்க நம்புவாங்களா?"

அவள் தீர்க்கதரிசி. இரண்டு மாதத்துக்குள் நம் பங்கிலேயே ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடந்தார். கோவிலில் கேட்டேன். ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பொய்யான அழைப்புக்கு ஓடிவந்த கைகள், மெய்யான அழைப்புக்கு மடங்கிக் கிடந்தன. பிரியமானவர்களே, பொய் திருடுகிறது பணத்தை மாத்திரம் அல்ல. அடுத்து வருகிற ஏழைக்குச் சேரவேண்டிய நம்பிக்கையையும் திருடிக்கொண்டு போகிறது.

ஆகையால் அந்தச் சிறுமியிடம் நான் கற்ற பாடத்தை உங்களுக்கும் சொல்லுகிறேன். வீட்டிலே பிள்ளைகள் இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் தெருவும் கதவிலக்கமும் இருப்பதுபோல, பேஸ்புக், எக்ஸ், இன்ஸ்டாகிராம், யூடியூப் முதலியவற்றில் எழுதப்படும் ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனி விலாசம் உண்டு. அதைத்தான் பிள்ளைகள் லிங்க் என்கிறார்கள். அது கையில் இருந்தால், எழுதினவர் யார், எந்த நாளில் எழுதினார், முன்னும் பின்னும் என்ன சொன்னார், பிறகு திருத்தினாரா என்பதையெல்லாம் அவர் வீட்டுக்கே போய்ப் பார்க்கலாம். ஸ்கிரீன்ஷாட்டோ, வீட்டின் ஒரு ஜன்னலைப் படம்பிடித்துக் கொண்டுவந்து காட்டுவது போன்றது. எந்த ஊர், எந்தத் தெரு, எந்த வருஷம், ஒன்றும் தெரியாது. ஜன்னலுக்கு வேறு வர்ணம் பூசினாலும் நமக்குத் தெரியாது.

விலாசத்தை எடுப்பது கடினமல்ல. பேஸ்புக்கில் எழுதினவர் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் நாளோ நேரமோ இருக்கும். அதைத் தொட்டால் அந்தப் பதிவு மாத்திரம் தனியே திறக்கும். பிறகு "ஷேர்" என்பதையோ மூலையிலுள்ள மூன்று புள்ளிகளையோ தொட்டால் "காப்பி லிங்க்" என்று வரும். எக்ஸிலும் இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் பதிவைப் பகிரும் குறியைத் தொட்டால் அதே "காப்பி லிங்க்" கிடைக்கும். அதைத் தொட்டுவிட்டு, வாட்ஸாப்பில் எழுதுகிற இடத்தில் விரலைச் சற்று அழுத்திப் பிடித்தால் "பேஸ்ட்" என்று வரும். விலாசம் அங்கே விழும். யூடியூபிலே ஒரு மணிநேரப் பேச்சில் ஒரு நிமிஷம்தான் விசேஷம் என்றால், கணினியில் பார்ப்பவர்கள் இத்தனையாவது நிமிஷத்திலிருந்து என்று குறித்தும் விலாசம் எடுக்கலாம்.

அனுப்புமுன் நீங்களே ஒருமுறை அந்த விலாசத்தைத் திறந்து பாருங்கள். பேஸ்புக்கில் நாளின் பக்கத்திலே பூகோள உருண்டை போட்டிருந்தால் அது எல்லாருக்கும் பொது. இரண்டு மனிதர் உருவம் போட்டிருந்தால் எழுதினவர் தம் நண்பருக்கு மாத்திரம் சொன்னது. அதன் லிங்கை அனுப்பினாலும் மற்றவர்களுக்குத் திறக்காது. திறக்கவில்லையே என்று அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறவன், பூட்டின வீட்டுக் கூரையைப் பிரித்து உள்ளே நடப்பதைத் தெருவுக்குக் காட்டுகிறவன். அதைச் செய்யாதிருங்கள்.

வாட்ஸாப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பும் செய்திக்கு இப்படிப்பட்ட விலாசம் கிடையாது. அது பிறந்த வீடு எதுவென்று கைமாறிப் பெற்றவருக்குத் தெரிய வழியில்லை. 2018-ம் வருஷம் முதல் கைமாறின செய்தியின் தலையிலே "பார்வர்டட்" என்ற அடையாளம் வருகிறது. இரட்டை அம்பு இருந்தால் ஐந்து கைக்கும் குறையாமல் மாறி வந்ததென்று அர்த்தம். 2020 ஏப்ரல் முதல் அப்படிப்பட்டதை ஒரு தடவைக்கு ஒரே இடத்துக்குத்தான் அனுப்ப முடியும். நம் வேகத்துக்குப் பயந்து ஒரு வியாபாரக் கம்பெனியே கடிவாளம் போட்டிருக்கிறது. கிறிஸ்தவனுக்குத் தன் மனச்சாட்சி போடாத கடிவாளத்தைக் கம்பெனி போடவேண்டியிருப்பது வெட்கமல்லவா?

ஸ்கிரீன்ஷாட் மாத்திரம் வந்திருந்தால் என்ன செய்வது? அதில் காணும் பெயரைத் தேடி அவர் பக்கத்துக்கே போங்கள். நான்கைந்து வார்த்தைகளை மேற்கோள் குறிக்குள் வைத்துத் தேடிப் பாருங்கள். படமானால் கூகுள் லென்ஸ் என்ற சாதனத்தில் காட்டினால் அதே படம் முன்பு எங்கெங்கே வந்ததென்று பெரும்பாலும் தெரியும். தேடியும் மூலம் அகப்படாவிட்டால், உங்கள் போனே அந்தச் செய்திக்குக் கல்லறையாகட்டும். அது உயிர்த்தெழ வேண்டிய அவசியமில்லை.

மூலம் தெரியாத செய்தியால் ஊரே பற்றி எரியக்கூடும் என்பதற்குத் தூரத்தில் உதாரணம் தேடவேண்டாம். 2018 மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டத்திலே, குலதெய்வக் கோவிலுக்குப் போன ஒரு குடும்பத்தைப் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று எண்ணி ஜனங்கள் அடித்தார்கள். அதில் வயதான ஓர் அம்மாள் இறந்துபோனாள். அந்நாட்களில் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற செய்திதான் போனுக்குப் போன் பறந்துகொண்டிருந்தது. 2023 மார்ச்சிலே, நம் நாட்டில் பீகார் தொழிலாளரை அடித்துக் கொல்லுகிறார்கள் என்று இரண்டு வீடியோக்கள் வடக்கே பரவின. தமிழ்நாடு போலீசார் விசாரித்துச் சொன்னது: ஒன்று திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்கள் தங்களுக்குள்ளேயே போட்ட சண்டை, மற்றொன்று கோயமுத்தூரில் உள்ளூர்க்காரர்கள் தங்களுக்குள் போட்ட சண்டை. இரண்டும் பழையவை. படம் பொய்யல்ல, தலைப்புப் பொய். அதே மாதத்தில், காலஞ்சென்ற பாப்பரசர் பிராஞ்சீஸ்கு பருத்த வெள்ளைக் குளிர்ச்சட்டை அணிந்து நடக்கிறதாக ஒரு படம் உலகமெங்கும் சுற்றிற்று. அதுவோ செயற்கை நுண்ணறிவு வரைந்த படம். தலைப்பு மாத்திரமல்ல, படமே பொய். வத்திக்கான் வெளியிட்ட மூலம் எங்கே என்று ஒருவர் கேட்டிருந்தால் அங்கேயே நின்றிருக்கும்.

"எனக்கு வந்தது, அனுப்பினேன், என் மேல் என்ன குற்றம்?" என்பார் சிலர். 2023 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில் இதற்கு விடை சொல்லியிருக்கிறது: வந்த செய்தியை அப்படியே அனுப்பினவரும் அதற்குப் பொறுப்பாளியே, அனுப்பிவிட்ட செய்தி வில்லைவிட்டுப் புறப்பட்ட அம்பு போன்றது என்பது அந்தத் தீர்ப்பின் கருத்து. அரசாங்கத்து நீதிமன்றம் இவ்வளவு சொல்லுமானால், சர்வேசுரனுடைய நீதிமன்றம் என்ன சொல்லும்? எட்டாம் கற்பனை பொய்ச்சாட்சியை விலக்குகிறது. தான் காணாததைக் கண்டதுபோல் பத்துப் பேருக்குச் சொல்லுகிறவன் சாட்சிக்கூண்டில் ஏறாமலே பொய்ச்சாட்சியாகிறான்.

ஆனால் ஒன்று. லிங்க் இருந்துவிட்டால் எல்லாம் அனுப்பத்தக்கது என்று எண்ணிவிடாதீர்கள். லிங்க் நிரூபிப்பது, இந்தக் கணக்கிலிருந்து இது எழுதப்பட்டது என்பதை மாத்திரமே. எழுதினது மெய் என்பதை அல்ல. பிரபலமானவர்கள் பெயரிலே பொய்க் கணக்கு வைத்திருப்போரும் உண்டு. ஆகையால் எழுதினவர் பெயரை எழுத்தெழுத்தாய்ப் பாருங்கள். பணம் கேட்கிற பதிவானால், அந்தக் குடும்பத்தையோ ஆஸ்பத்திரியையோ வேறு வழியிலும் விசாரியுங்கள்.

மேலும், மெய்யாயிருப்பதெல்லாம் சொல்லத்தக்கதும் அல்ல. அயலாருடைய மெய்யான குற்றத்தைத் தகுந்த காரணமின்றி வெளிப்படுத்துவதும் பாவமே என்று திருச்சபை எப்போதும் படிப்பித்து வருகிறது. கோபத்தில் ஒரு மருமகள் நள்ளிரவில் எழுதினதை, அவள் விடிந்ததும் அழித்துவிட்டாள். ஆனால் அதற்குள் லிங்கையும் படத்தையும் உறவு முழுக்க அனுப்பிவிட்டோம். அது மெய்தான். ஆனால் அவள் அழித்துவிட்டதை நாம் ஏன் வைத்திருக்கிறோம்? பாவசங்கீர்த்தனத்தில் சர்வேசுரன் அழித்ததைத் தோண்டியெடுக்கிற வேலை யாருடையதென்று உங்களுக்குத் தெரியும்.

தவறாக அனுப்பிவிட்டால் என்ன செய்வது? திருடின பொருளைத் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டிருப்பதுபோல, கெடுத்த பெயரையும் திருப்பிக் கொடுக்கக் கடமையுண்டு. "டெலீட்" செய்துவிட்டுச் சும்மாயிருப்பது போதாது. எந்தக் குழுவில் போட்டீர்களோ அதே குழுவில், "நான் போட்டது தவறு, மூலம் இதோ" என்று லிங்கோடு எழுதுங்கள். வெட்கமாயிருக்கும். நானும் பீடத்தண்டையில் நின்று அதைச் செய்தேன், எனக்கும் வெட்கமாயிருந்தது. ஆனால் அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

சாரத்திலிருந்து விழுந்தவர் கதையை முடிக்கவில்லை அல்லவா? அவருடைய மகன் தன் பெயரிலேயே பேஸ்புக்கில் எழுதினான். அந்தப் பதிவின் லிங்கையே பங்குக் குழுவில் போட்டோம். பங்குச் சபையிலிருந்து இருவர் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரையும் ரசீதையும் பார்த்து வந்து, தாங்கள் பார்த்ததை அதன் கீழேயே எழுதினார்கள். ஒவ்வொரு வாரமும் சேர்ந்தது எவ்வளவு, செலவு எவ்வளவு என்று மகன் அதே இடத்தில் எழுதிவந்தான். முதலில் தயங்கின கைகள் மெல்ல மெல்லத் திறந்தன. முதல் வாரத்திலேயே கொடுத்தவர்களில் அந்த இட்லிப் பாட்டியும் ஒருத்தி.

இன்று முதல் நம் பங்குக் குழுவிலே இந்த ஒழுங்கை வைத்துக்கொள்வோம்: எதைப் பகிர்ந்தாலும், சொன்னவர் யார், சொன்ன நாள் எது, லிங்க் எங்கே என்ற மூன்றும் கூட இருக்கட்டும். இல்லாவிட்டால் கேளுங்கள். பங்குக் குரு போட்டாலும் கேளுங்கள்; ஒரு சிறுமி கேட்டபடியால் அல்லவா நான் திருந்தினேன். கேட்பது அவமரியாதை அல்ல. பெரேயா ஊரார், அர்ச். சின்னப்பர் பிரசங்கித்ததையே வேதாகமத்தோடு ஒத்துப் பார்த்தார்கள். அதற்காக அவர்களை அப்போஸ்தலர் நடபடி என்ற ஆகமம் மேன்மையாகவே பேசுகிறது.

கடைசியாக, யாக்கோபின் கிணற்றடியில் ஆண்டவரைக் கண்ட சமாரியப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் குடத்தை விட்டுவிட்டு ஊருக்குள் ஓடி, தான் கேட்டதைச் சொன்னாள். ஆனால் சொன்னதோடு நிற்கவில்லை. நீங்களே வந்து பாருங்கள் என்று ஜனங்களை அவரண்டைக்கு அழைத்துக்கொண்டு போனாள். பிறகு ஊரார் அவளிடம், இனி உன் பேச்சினிமித்தம் அல்ல, நாங்களே அவரைக் கேட்டதினிமித்தம் விசுவசிக்கிறோம் என்ற கருத்தில் சொன்னார்கள். அவளுக்கு அதனால் வருத்தமில்லை. தன் வாய்க்கு வரும் புகழைவிட, ஜனங்கள் கிணற்றடிக்கே போய்ச் சேர்ந்ததுதான் அவளுக்குச் சந்தோஷம்.

நாமும் கைமாறிக் கைமாறிக் கலங்கின தண்ணீரை ஒருவருக்கொருவர் ஊற்றிக்கொடுப்பதை விட்டு, கிணற்றுக்கே வழி காட்டுகிறவர்களாய் இருப்போமாக. சத்தியமே உருவான சேசுநாதர் நம் நாவையும், நாவைவிட வேகமாய் ஓடுகிற நம் விரல்களையும் காத்தருள்வாராக. ஆமென்.

உங்கள் பங்குக் குரு